மூன்றாவது வரிசை நாற்காலி

தனிநடிப்புப் போட்டியில் அவள்தான் கடைசியாக மேடையேற வேண்டும். இதுவரை ஒரு போட்டிக்கும் வராத அம்மா, "இந்தத் தடவ கண்டிப்பா வரேன்டி" என்று சொல்லியிருந்ததால், மூன்றாவது வரிசையில் பையை வைத்து இடம் பிடித்திருந்தாள்.

"யாருக்குடி எடம், பேய்க்கா?" என்று கிண்டலடித்தாள், நடித்து முடித்துத் தோழிகளோடு கிளம்பிய ஒருத்தி.

அவள் முறையும் வந்தது, அம்மா வந்தபாடில்லை. கோபித்துக்கொண்ட தாயிடம் மகள் கெஞ்சும் காட்சி அது. அம்மாவைப் பார்த்தே நடிக்க நினைத்திருந்தவள், வேறு வழியில்லாமல் மேடையிலிருந்து அந்தப் பையிடமே கெஞ்சினாள், பதிலுக்குக் காத்திருந்தாள், மறுபடியும் கெஞ்சினாள்.

முதல் பரிசுக் கோப்பையைக் கொடுத்த நடுவர் கேட்டார்: "இல்லாத ஆளை அப்படியே உக்காரவச்சிட்டியேம்மா! இதெல்லாம் எங்க பழகின?"

"வீட்லதான் சார்" என்று சொல்லிவிட்டு, கோப்பையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.