ஒன்றேகால்

"கருவியோட படம் ஒண்ணு போடும்மா. வெறும் சமன்பாட்டையே காட்டிக்கிட்டிருந்தா வெளியிலேருந்து வர்றவருக்குத் தூக்கம் வந்துடும்" என்று அவள் ஆய்வு வழிகாட்டியான பெரிய சார் சொன்னதால்தான் மேல்மாடி கீழே இறங்கிப் போனாள். மூன்று மணிக்கு ஆய்வுக்குழுக் கூட்டம். அவர்கள் தலையாட்டிவிட்டால் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிடலாம், ஐந்து வருடப் பாடு தீரும். அப்போது மணி பன்னிரண்டு.

மேல்மாடி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன்தான். அவள் மாடியில் கணினி முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவள். அவன் கீழே லேசர் அறையில் கிடக்கிறவன் என்பதால் பதிலுக்கு அவள் வைத்த பெயர் கீழ்மாடி. இருவரும் துரத்தியது ஒரே பொருளைத்தான். காற்றை உறிஞ்சியெடுத்த ஓர் எஃகுக் கூட்டுக்குள் துளி ஆக்சிஜனை மட்டும் விட்டு, அங்கிருக்கும் மாத்திரை போன்ற வில்லையின்மீது லேசரால் ஓர் அடி கொடுத்தால், அடிபட்ட இடம் பிளாஸ்மாச் சுடராகப் பொங்கிப் போய் எதிரே இருக்கும் தகட்டில் மெல்லிய படலமாகப் படியும். அந்தச் சுடர் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதுதான் கேள்வி. கண்ணிமைக்கும் நேரத்தில் என்று சொல்லிவிட முடியாது. நாம் ஒரு தடவை இமைப்பதற்குள் அது பல்லாயிரம் தடவை போய்ச் சேர்ந்திருக்கும்.

சுடர் ஐந்து சென்டிமீட்டர் போயிருக்கும் என்று அவள் சமன்பாடு சொல்கிற கணத்தில், நான்குதான் என்றது அவன் கேமரா. இவள் இரண்டரை என்றால் அவன் இரண்டு என்பான். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் பேச ஆரம்பித்ததே இந்தச் சண்டையில்தான். கல்யாணத்துக்குப் பிறகு அது சாப்பாட்டு மேசைக்கு வந்தது. "யாராவது ஒருத்தர் விட்டுக் குடுத்துட்டு சாப்பிடுங்களேன்" என்று அத்தை, அதாவது அவனுடைய அம்மா, கெஞ்சிப் பார்த்தாள். கடைசியில் விட்டுக்கொடுத்தது மேல்மாடி. சமன்பாட்டுக்குள் ஒன்றேகால் என்று ஓர் எண்ணைச் செருகிச் சுடரை மட்டுப்படுத்தினாள். வரைபடத்தில் அவள் கோடு சமர்த்தாக அவன் புள்ளிகள் எல்லாவற்றின்மீதும் உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது.

பெரிய சார் துள்ளிக் குதித்தார். "எந்த அழுத்தத்துலயும் அதே ஒண்ணேகால் வருதே! இது இயற்கையோட விதிம்மா!" ஆக்சிஜன் அந்தச் சுடரை எப்படிப் பிடித்து இழுக்கிறது என்று நாற்பது பக்கத்துக்கு நான்காம் அத்தியாயம் எழுதவைத்தார். அதை வைத்து ஆய்விதழில் இரண்டு கட்டுரைகளும் வந்துவிட்டன. எழுத எழுத அவளுக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டதுதான் வேடிக்கை.

கீழே லேசர் அறையில், எஃகுக் கூட்டின் வட்டக் கண்ணாடி சன்னலில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசியது. படம் எடுக்க வாகாக இருக்கட்டும் என்று போனை இடப்பக்கம் நகர்த்தினாள். கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒரு ஸ்கேல் ஒட்டியிருந்தது. போன் நகர்ந்ததும், வில்லைக்கு நேராக இருந்த அதன் முதல் கோடு தகட்டின் பக்கம் நகர்ந்துபோயிற்று. வலப்பக்கம் நகர்த்தினாள். கோடு திரும்பி வந்தது.

"இந்த ஸ்கேலை வெச்சா தூரத்தை அளக்கறே?" என்று பக்கத்தில் நின்ற கீழ்மாடியைக் கேட்டாள்.

"பின்ன, முழம் போட்டா அளப்பாங்க?"

"இது ஏன் வெளியில இருக்கு?"

"உள்ள ஒட்டணும்னா திறக்கணும். திறந்தா மறுபடி காத்தை உறிஞ்ச ரெண்டு நாள் ஆகும். அன்னிக்கு வெள்ளிக்கிழமை வேற."

அவள் டேப்பை எடுத்து அளந்தாள். கேமராவிலிருந்து கண்ணாடிக்கு எண்பது சென்டிமீட்டர். கண்ணாடியிலிருந்து சுடருக்கு இன்னும் இருபது. கிட்டே இருப்பது பெரிதாகத் தெரியும், எட்ட இருப்பது சிறிதாகத் தெரியும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த சங்கதி. நூறை எண்பதால் வகுத்தால் ஒன்றேகால். சிரிக்கத் தொடங்கியிருந்த கீழ்மாடி பாதியில் நிறுத்திக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தான்.

"ஐயையோ" என்றான்.

அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். அவன் அளவுகளை ஒன்றேகாலால் பெருக்கினாள், செருகிவைத்திருந்த எண்ணைப் பிடுங்கி எறிந்தாள். வெறும் சமன்பாடு ஒரு புள்ளி விடாமல் தொட்டுக்கொண்டு போயிற்று. சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகுதான் நான்காம் அத்தியாயம் நினைவுக்கு வந்தது. அது மொத்தமும் போயிற்று, கட்டுரைகளும் போயின. அடுத்த மாதம் சமர்ப்பிக்கவிருந்த அவன் ஆய்வேடும் அந்த ஸ்கேலின்மீதுதான் நின்றது.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்து நின்றான். "யாரும் கேக்கலேன்னா சொல்ல வேணாம். பட்டம் வாங்கிட்டு மெதுவா திருத்திக்கலாம். நான் போய் ஸ்கேலைப் பிச்சுடறேன்."

"அதைத் தொடாதே."

"சார் நம்மளைக் கொன்னுடுவாரு."

"அஞ்சு வருஷமா என் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கு. நீ தப்புன்னு சொன்னே, நானும் தப்புன்னு நம்பிட்டேன். இப்ப வாயைத் திறக்கலேன்னா எனக்கு மண்டை வெடிச்சுடும்."

அவன் திரையில் அந்தக் கோட்டைப் பார்த்தான். "அழகாத்தான் போகுது" என்றான், மனசில்லாமல்.

கூட்டத்தில் பெரிய சார் எழுந்து நின்றே முன்னுரை கொடுத்தார். மகள் கல்யாணத்தில்கூட அவர் முகம் இவ்வளவு மலர்ந்திருக்காது. "இந்த ஒண்ணேகால் எங்கேர்ந்து வருதுன்னு இப்ப அவங்களே சொல்லுவாங்க."

மேல்மாடி எழுந்தாள். பின்வரிசையில் கீழ்மாடி கண்ணை மூடிக்கொண்டான்.

"கீழேர்ந்து வருது சார். எல்லாரும் ஒரு நிமிஷம் இறங்கி வந்தீங்கன்னா காட்டறேன்."

குழுவினர் நான்கு பேரும் செருப்பைக் கழற்றிவிட்டு லேசர் அறைக்குள் வரிசையாக வந்தார்கள். வெளியிலிருந்து வந்தவர் முதலில் எட்டிப் பார்த்தார். இருமினார். ஒதுங்கி வழிவிட்டார். பெரிய சார் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டி, சன்னல் முன் குனிந்தார். ஒரு கண்ணை மூடினார். தலையை இடப்பக்கம் சாய்த்தார். பிறகு வலப்பக்கம். பம்பு ஓடிக்கொண்டிருந்தது. அவர் நிமிரவில்லை. கண்ணை மாற்றி மூடிக்கொண்டு, இன்னும் மெதுவாக, மறுபடி இடப்பக்கம் சாய்ந்தார்.