மகள் வீட்டில் கை நனைப்பது

இருபத்தாறு வருடமாக அப்பா என் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. கட்டிக் கொடுத்த மகளுக்கு ஒரு குழந்தை பிறக்கிறவரை பெற்றவர்கள் அவள் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று எங்கள் சனத்தில் ஒரு வழக்கம். இப்போது யாரும் பெரிதாகப் பார்ப்பதில்லை. அப்பா பார்ப்பார். எனக்குக் குழந்தை பிறக்கவில்லை. தீபாவளிச் சீர் கொண்டுவந்தால் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, பேருந்து நிலையத்தில் டீயும் பன்னும் சாப்பிட்டு ஊருக்குப் பஸ் ஏறுவார். இத்தனைக்கும் நாமக்கல்லில் நான் நடத்துவது மெஸ். லாரிக்கு பாடி கட்டும் பட்டறை ஆட்கள் தினமும் நூறு பேர் என் சமையலைச் சாப்பிடுகிறார்கள். என்னைப் பெற்றவர் மட்டும் சாப்பிட மாட்டார். எரிச்சல் வருமா வராதா?

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. அம்மா அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். தம்பி ஜெகதீஸ்வரன் திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணறு போடுகிறவன். அப்போது தொழில் நன்றாக ஓடியது. ஊருக்கு வெளியே, பணம் கட்டினால் பார்த்துக்கொள்ளும் ஒரு முதியோர் இல்லத்தில் அவரைச் சேர்த்தான். குளிப்பாட்ட ஆள், ஊட்டிவிட ஆள், வாரத்துக்கு ஒருமுறை டாக்டர். குறை சொல்ல முடியாது.

இந்த வருடம் மாதக் கட்டணத்தை ஒரேயடியாகப் பாதிக்கு மேல் ஏற்றிவிட்டார்கள். தம்பியின் வண்டியோ சத்தீஸ்கரில் பழுதாகி நிற்கிறது. சொந்த வீட்டை விற்றுக் கடனைக் கட்டிவிட்டு, மூன்றாவது மாடியில் வாடகைக்குக் குடியிருக்கிறான். லிஃப்ட் கிடையாது. நான் இல்லத்து மேனேஜரிடம் போய்ப் பேசிப் பார்த்தேன். இரண்டு பேர் இருக்கும் அறையாவது கொடுங்கள் என்று கேட்டேன். அதுவும் ஏறிவிட்டதாம். மாதக் கடைசிவரை இருக்கலாம் என்று தன்மையாகச் சொன்னார். தன்மையாகப் பேசுகிறவர்களிடம் சண்டையும் போட முடிவதில்லை.

தம்பி சேலத்தைத் தாண்டி ஒரு இலவச இல்லத்தில் சொல்லி வைத்திருந்தான். அங்கே சேர்க்க ஒரு படிவம். இன்னாரைப் பார்த்துக்கொள்ள யாரும் இல்லை என்று அச்சடித்திருந்தது. கீழே பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். மெஸ்ஸுக்கே கொண்டுவந்து நீட்டினான். படித்ததும் எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது.

"யாருமில்லைன்னு நான் எப்படிடா கையெழுத்துப் போடுவேன்? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் கெட்டவன் இல்லை, நொடித்துப்போனவன். உன் வீட்டில் அவர் சாப்பிட மாட்டாரே அக்கா என்று மட்டும் சொன்னான். அது எனக்கும் அவருக்கும் உள்ள பஞ்சாயத்து, நீ போய் வண்டியைப் பார் என்று அனுப்பிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் அன்பழகன் பாடி பட்டறையில் வெல்டர். அதிகம் பேச மாட்டார். நான் விஷயத்தைச் சொன்ன மறுநாளே வேலையைத் தொடங்கிவிட்டார். லாரியில் ஏறுவதற்குப் பிடிக்கிற கம்பி மாதிரி கழிவறையில் இரண்டு பக்கமும் கம்பி வைத்தார். கட்டிலுக்கு இரும்பில் தடுப்பு வைத்து, பட்டறையில் மிஞ்சிய பச்சை பெயிண்டையே அதற்கும் அடித்தார். பின்னால் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதாததுதான் பாக்கி. மெஸ்ஸுக்குப் பின்னாலேயே வீடு. காலையில் குளிப்பாட்டித் தூக்கி உட்காரவைக்க, பக்கத்து வீட்டுப் பூவாத்தாளின் மகனைச் சம்பளத்துக்கு ஏற்பாடு செய்தேன்.

ஒன்றாம் தேதி காலையில் அப்பாவை அழைத்து வந்தோம். வேறு போக்கிடம் இல்லாததால் வந்தார். ஆனால் காபியைத் தொடவில்லை. இட்லியைத் தொடவில்லை. தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். வெறும் வயிற்றோடு மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. கண் சொருகியது. எனக்குப் பயம் வந்துவிட்டது.

சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் என் வீட்டுக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். இது மெஸ் சாப்பாடுதானே, காசு கொடுத்துச் சாப்பிட்டால் கடைச் சாப்பாடு ஆகிவிடும், வழக்கத்துக்கும் பழுதில்லை என்றார். அப்பாவின் முகம் தெளிந்தது. இடது கையால் தடவித் தடவிச் சட்டைப் பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து நீட்டினார்.

வாங்கியிருந்தால் முடிந்தது. நானும் கையை நீட்டிவிட்டேன். ஆனால் நோட்டைத் தொட்டதும்தான் உறைத்தது. நேற்று வந்த கிளீனரும் நீட்டுகிற அதே நூறு ரூபாய். அதை அவர் சட்டைப் பையிலேயே திருப்பிச் சொருகினேன்.

"உங்களுக்கு நான் சோறு விக்க மாட்டேனுங்கப்பா. புள்ள பொறந்தாத்தான் இந்த ஊட்டுல சாப்பிடுவீங்கன்னா, எனக்கு அம்பது வயசாச்சு, இனிப் பொறக்காது. நான் உங்களுக்குப் பொறந்தவ. அது போதாதுங்களா? போதாதுன்னா பட்டினி கெடங்க. நானும் கெடக்கறேன். அதுக்காவ உங்கள எங்கயும் அனுப்ப மாட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவரை எதிர்த்துப் பேசினேன். முன்பக்கம் யாரோ சாம்பார் கேட்டுக் கத்தினார்கள். அன்பழகன் எழுந்து போனார். நான் எழுந்திருக்கவில்லை. அப்பா சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை. நானும் துடைத்துவிடவில்லை. எனக்கும் வீம்பு உண்டு, அவர் கொடுத்ததுதான்.

வெகுநேரம் கழித்து, "மோரு இருக்குதா அம்மிணி?" என்றார்.

சோற்றைக் குழைத்து, மோர் ஊற்றிப் பிசைந்து ஊட்டினேன். வலது கடைவாயில் வழிந்தது, துடைத்துத் துடைத்து ஊட்டினேன். நாலு வாய் உள்ளே போயிருக்கும். தம்பி போன் செய்தான். என் கையெல்லாம் சோறு. முழங்கையால் அமுக்கி ஸ்பீக்கரில் போட்டேன். இலவச இல்லத்தில் திங்கட்கிழமைவரை இடம் வைத்திருப்பார்களாம், அப்பா பிடிவாதம் பிடித்தால் உடனே சொல், வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வருகிறேன் என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். வாதம் இழுத்த வாயில் சோறும் இருந்தது, ஆனாலும் வார்த்தை தெளிவாகத்தான் வந்தது.

"போன வையி சாமி. சாப்பிட்டுட்டு இருக்கறேன்."