கரம்பாவுக்கு ஒரு இடம்

என் மகள் சாரங்கி கோப்பன்ஹேகனில் வீடியோ கேம் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலை செய்கிறாள். என்ன வேலை என்று யாராவது கேட்டால் "கொம்பியூட்டர்" என்று சொல்லிச் சமாளிப்பேன். எனக்கே விளங்காததை ஊருக்கு எப்படி விளக்குவது?

போன மாதம் நான் இருக்கிற ரண்டர்ஸுக்கு வந்தபோது சொன்னாள்: பழைய சண்டை கேம்கள் பலவற்றிலிருந்து ஆட்களைப் பொறுக்கி, எல்லாரையும் ஒரே கேமில் மோதவிடப் போகிறார்களாம். முப்பத்தொரு பேர் முடிவாகிவிட்டது. மிஞ்சிய ஒரு இடத்துக்கு நாலு பேர் போட்டி. சனங்கள் இன்டர்நெட்டில் வாக்குப் போட்டுத் தீர்மானிக்க வேண்டும். ஒரு ரஷ்ய மல்யுத்தக்காரன், முகமூடி போட்ட மெக்சிக்கோக்காரி, சங்கிலி சுழற்றும் பிரெஞ்சுக் கிழவன். நாலாவது ஆள் கரம்பா.

கரம்பாவை எனக்குத் தெரியும். தொண்ணூற்றொன்றில் நான் டென்மார்க்கில் ஸ்கீவ என்ற ஊருக்கு அகதியாக வந்த புதிதில், அங்கே சொசேஜ் சுட்டு விற்கிற ஒரு கிறில் கடையில் காசு போட்டு விளையாடும் மெஷின் நின்றது. கரம்பாவுக்குத் தலைப்பாகை, வெறும் மேல், கழுத்தில் பாம்பு. கீழே 'சிலோன்' என்று எழுத்து. சிலோனில் ஒருத்தருக்கும் இல்லாத பேர், ஒருத்தரும் உடுக்காத உடுப்பு. கை வேகம்தான், விழுந்தால் எழும்ப நேரமெடுக்கும். நான் எப்போதும் அவனைத்தான் எடுப்பேன், எப்போதும் தோற்பேன்.

"பலமான ஆளுக்கு இடம் குடுக்கக்கூடாது அப்பா," என்றாள் சாரங்கி. "தோத்தாலும் சனம் ஆரைத் திரும்பத் திரும்ப எடுக்குதோ, அவருக்குத்தான் குடுக்க வேணும்."

கரம்பாவை முன்மொழிந்ததே அவள்தான். அவன் வென்றால் அவனுக்குக் கதை எழுதி, உருவம் திருத்துகிற வேலை அவளுக்கு. தோற்றால் டிசம்பரோடு அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது.

"இன்னும் ஆயிரம் வாக்கு வந்தாக் காணும்," என்று என் முகத்தைப் பார்த்தாள்.

நான் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். என் வட்ஸ்அப்பில் நாடு முழுக்க ஆயிரத்து அறுநூறு பேர். கொம்மூன என்கிற நகரசபைத் தேர்தலில் எங்கள் ஆளை வெல்ல வைத்ததே அந்தப் பட்டியல்தான். "அதை அப்பாட்டை விடு," என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது எனக்குப் பிறவிக் குணம்.

சனிக்கிழமை சங்கக் கூட்டத்தில் கரம்பாவின் படத்தைக் காட்டினேன். தலைவர் ஞானரட்ணம் அண்ணை கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார், கழற்றியும் பார்த்தார்.

"ஆள் தமிழனோ?"

"சிலோன் எண்டு போட்டிருக்கு அண்ணை."

"நான் கேட்டது அதில்லை, செல்வரட்ணம்."

உபதலைவி சுசீலாதேவி அக்கா விடவில்லை. "தமிழனெண்டா ஏன் உப்பிடிப் பாம்போட, மேலுக்கு ஒண்டும் இல்லாமல் நிக்கிறான்? எங்களை நக்கலடிக்கிறாங்கள். சிங்களவனெண்டா நாங்கள் ஏன் போட வேணும்?"

இரண்டு பக்கமும் கதவு பூட்டு. சாரங்கிக்குப் போன் எடுத்து எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். அவள் டேனிஷில் சொன்னாள்: அவன் யாருமில்லை. யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு படப் புத்தகத்தைப் பார்த்துக் கீறியது. வென்றால் அவன் யாரென்று அவள்தான் எழுத வேண்டும். பிறகு தமிழில், "நீங்களே சொல்லுங்கோ, அவர் ஆர்?" என்றாள்.

ஞானரட்ணம் அண்ணை, "அப்ப டென்மார்க் எண்டு எழுதன் பிள்ளை. எங்கட பாஸ்போட் அதுதானே," என்றார்.

"டென்மார்க்குக்கு ஏற்கெனவே ஆள் இருக்கு மாமா. வைக்கிங். மஞ்சள் தலைமயிர், கையில கோடரி."

ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. "ஆராயிருந்தா என்ன," என்று அண்ணை எழும்பினார். "எங்கட பிள்ளையின்ரை வேலை. எல்லாரும் போடுவம்." அன்றைக்கே ஆயிரத்து அறுநூறு பேருக்கும் அனுப்பினேன். பெருவிரல் படங்கள் வந்து குவிந்தன.

ஞாயிறு மாலை ஆறு மணிக்கு வாக்கு முடிகிறது. கலியாண வீட்டுக்காரன் கடைசிப் பந்தியில் இருப்பது போல நானும் ஐந்து மணிக்குத்தான் திறந்தேன். கரம்பாவின் படத்தைத் தொட்டேன். ஒரு கேள்வி வந்தது: நீங்கள் எங்கிருந்து வருகிறீர்கள்? கட்டாயம் நிரப்ப வேண்டுமாம். கீழே நாடுகளின் பட்டியல்.

முப்பத்து நாலு வருடமாக இந்த நாட்டில் என்னைக் கேட்கிற கேள்வி அது. பஸ்ஸில் கேட்பார்கள், வேலையில் கேட்பார்கள். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டுக் கேட்பார். வாயால் சொல்வதென்றால் ஆளுக்கேற்றபடி சொல்லலாம். இங்கே ஒன்றைத்தான் தொடலாம். டென்மார்க்கைத் தொட்டேன், பொய் சொல்வது போலிருந்தது, எடுத்துவிட்டேன். இலங்கையைத் தொட்டேன். சிங்கக் கொடி வந்து நின்றது. அதையும் எடுத்தேன். நான் தேடிய பேர் பட்டியலில் இல்லை.

போன் அடித்தது. சுசீலாதேவி அக்கா. "தம்பி, இந்தக் கேள்விக்கு என்ன போடுறது?"

"டென்மார்க் எண்டு போடுங்கோ அக்கா."

"நீர் என்ன போட்டனீர்?"

"பிறகு கதைக்கிறன் அக்கா," என்றேன். அவ வைத்துவிட்டா. ஞானரட்ணம் அண்ணை எடுத்து, "உவங்களுக்கு ஏன் உந்தக் கேள்வி?" என்று கத்திவிட்டு வைத்தார். இன்னும் பத்துப் பேர் எடுத்தார்கள். எல்லாருக்கும் டென்மார்க் என்றேன். என் விரல் மட்டும் அசையவில்லை. ஆறு மணிக்குப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. எனக்குக் கோபம் கோபமாக வந்தது, யார் மேலென்று மட்டும் தெரியவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் சாரங்கி போன் எடுத்தாள். ரஷ்யன் வென்றுவிட்டான். கரம்பாவுக்கு எண்ணூறு வாக்குக் குறைவு.

"எல்லாருக்கும் அனுப்பினனீங்கள்தானே அப்பா?"

"அனுப்பினன் பிள்ளை. எல்லாரும் அந்தக் கேள்வியில நிண்டிட்டினம். எந்த மடையன் அதை அதுக்குள்ள வைச்சவன்?"



"நான்தான் அப்பா," என்றாள். "எத்தினை நாட்டுச் சனம் அவரை விரும்புது எண்டு கம்பெனிக்குக் காட்ட நினைச்சன். என்னட்டை ஒவ்வொரு நாளும் கேக்கினம்தானே. லேசான கேள்வி எண்டு நினைச்சிட்டன்."

எனக்கு நாக்கைக் கடிக்க வேண்டும் போலிருந்தது.

"நீங்கள் போட்டனீங்கள்தானே?"

ஓம் என்றிருக்கலாம். அவளுக்குத் தெரியவா போகிறது? "இல்லைப் பிள்ளை," என்றேன்.

அவள் அழுவாள், அல்லது ஏசுவாள் என்று காத்திருந்தேன். இரண்டும் செய்யவில்லை. சின்னப் பிள்ளை மாதிரிக் கேட்டாள்.

"அப்ப நாங்கள் எங்கத்தைய ஆக்கள் அப்பா?"

முப்பத்து நாலு வருடமாக ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொன்னவன் நான். என் பிள்ளைக்கு, "கரம்பாவின்ரை ஊர் ஆக்கள்," என்று மட்டும் சொன்னேன்.