சுப்புத்தாயின் கட்டில் விரிப்பு

எண்பத்தெட்டாம் வருஷம் பொங்கல் கழிந்த மறுநாள், முத்துப்பேச்சி ஒரு பழைய டைரியில் அந்த வருஷம் தைக்க வேண்டியவற்றை எழுதிவைத்தாள். தங்கை சுப்புத்தாய்க்குக் கட்டில் விரிப்பு, ஆவணிக்குள். அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவருக்கு ஆறு கைக்குட்டை. அப்பாவுக்குத் தலையணை உறை இரண்டு. ஜபல்பூர் சாராம்மாவுக்கு ஒரு மேசை விரிப்பு, தபாலில் அனுப்ப. இதற்கு மேல் ஒரு வருஷத்தில் முடியாது என்று அவளுக்கே தெரியும். கிராஸ் தையல் அவசரத்துக்கு மசிகிற வேலை இல்லை. கட்டம் கட்டமாக நெய்த துணியில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும். ஒரு கட்டம் எண்ணிக்கை தவறினால் அதற்குப் பிறகு போட்ட பூவெல்லாம் கோணிக்கொண்டு போகும்.

அந்தத் தையலை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவள்தான் சாராம்மா. முத்துப்பேச்சியின் புருஷன் சௌந்தரபாண்டியன் பட்டாளத்தில் நாயக். ஜபல்பூரில் குவார்ட்டர்ஸ் கிடைத்த இரண்டு வருஷமும் பக்கத்து வீட்டில் இருந்த மலையாளத்துக்காரி சாராம்மா, மதியம் அடுப்பை அணைத்ததும் ஊசியும் நூலுமாக வந்து உட்கார்ந்துவிடுவாள். அந்த இரண்டு வருஷத்தை நினைத்தால் முத்துப்பேச்சிக்கு இன்றும் நெஞ்சு நிறையும். பிறகு அவனைக் காஷ்மீர்ப் பக்கம் மாற்றினார்கள். அங்கே குடும்பம் வைத்துக்கொள்ள முடியாது. ராஜபாளையத்தில் மாமியார் கருத்தம்மாள் வீட்டுக்கு அவள் டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தாள்.

கருத்தம்மாள் கெட்டவள் இல்லை. முப்பத்தொன்பது வயதில் தாலி அறுத்தவள். பஞ்சுக் கழிவு பிரிக்கும் வேலைக்குப் போய் இரண்டு பையன்களையும் ஆளாக்கியவள். மூத்தவன் பட்டாளத்துக்குப் போய்விட்டான். இளையவன் மாரிசாமி டிப்ளமோ முடித்து மூன்று வருஷமாகச் சும்மா இருந்தான். சும்மா என்றால் ஊர் சுற்றுகிறவன் இல்லை. வெட்கப்பட்டு வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவன். அந்த வெட்கம்தான் தாயைத் தின்றது. எந்த மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று யார் சொன்னாலும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

சாராம்மாவின் மேசை விரிப்பை மாசி மாதம் பாதியிலேயே முத்துப்பேச்சி முடித்துவிட்டாள். நீல நூலில் இரண்டு மயில். அதை மடித்துப் பார்சல் கட்டப் பழைய துணி தேடிக்கொண்டிருந்தபோது மாமியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஊருக்கு வெளியே ஒரு மில்லில் புதிதாக மேனேஜர் வந்திருக்கிறாராம், கோயமுத்தூர்க்காரராம். அவர் வீட்டம்மாவைப் பார்க்கப் போகிறேன், வெறுங்கையோடு போகக்கூடாது, இதைக் கொண்டுபோகட்டுமா என்று கேட்டாள். கேட்டதுதான் முத்துப்பேச்சிக்குப் பெரிதாக இருந்தது. கேட்காமலே எடுத்துப் போயிருக்கலாம். சாராம்மாவுக்கு வேறு தைத்துக்கொள்ளலாம் என்று அவளே ஒரு தட்டில் பூ, பழத்தோடு வைத்துக் கொடுத்தாள்.

ஒரு வாரத்தில் மேனேஜரம்மா அவளைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

பெரிய வீடு. முன்கூடத்தில் அந்த மயில் விரிப்பு மேசைமேல் கிடந்தது. அந்தம்மா முத்துப்பேச்சியை நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்து, விரிப்பின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, இங்கேயும் முடிச்சே தெரியவில்லையே என்று வியந்தாள். சாராம்மாவுக்கு அடுத்து அவள் தையலின் பின்பக்கத்தைப் பார்த்தது இந்தம்மா ஒருத்திதான். அதனால் நாற்காலி முதுகுக்கு ஆறு உறை வேண்டும் என்று கேட்டபோது அவளால் மறுக்க முடியவில்லை. துணியும் நூலும் அந்தம்மாவே தந்தாள். மாரிசாமியின் விண்ணப்பத்தை ஐயாவிடம் கொடுத்திருப்பதாகவும் சொன்னாள்.

ஆறு உறையும் சித்திரையில் முடிந்தன. பிறகு ஜன்னல் திரைக்கு ஓரம். பிறகு டெலிபோனுக்குக் கீழே விரிக்க ஒன்று. ஒவ்வொன்றையும் கொண்டுபோய்க் கொடுக்கும்போது அடுத்த மாசம் ஆள் எடுப்பார்கள் என்ற பேச்சு வந்தது. முத்துப்பேச்சி மதியச் சோறு முடிந்ததும் கொல்லை வாசலில் வெளிச்சம் பார்த்து உட்காருவாள். முதல் இரண்டு மணி நேரம் மேனேஜர் வீட்டுக்கு. வெயில் சாய்ந்த பிறகு மிஞ்சும் முக்கால் மணி நேரம் சுப்புத்தாய்க்கு.

தாய் இறந்தபோது சுப்புத்தாய்க்கு ஒன்பது வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் அப்பா சீனிச்சாமி வயலே கதியென்று கிடப்பவர். பதினைந்து வயது அக்காதான் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, வயதுக்கு வந்தபோது பக்கத்தில் இருந்து எல்லாம் பார்த்தவள். முந்தின கார்த்திகையில் நிச்சயம் பண்ணின அன்று என்ன வேண்டும் என்று கேட்டதற்குச் சுப்புத்தாய் கம்மல் கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. "நீ தச்ச விரிப்பு ஒண்ணு போதும்க்கா" என்றாள். செண்பகத்தோப்புக்கு இருவரும் போனபோது பொறுக்கிவந்த செண்பகப்பூவைப் பார்த்து முத்துப்பேச்சியே கிராஃப் தாளில் கட்டம் போட்டு வரைந்தாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத பூ. சந்தன நிறத் துணியில் மஞ்சளும் பழுப்புமாக இருபத்தெட்டுப் பூ. ஆனி முடிவில் பதினாறு பூ வந்திருந்தது.

ஆடி இரண்டாம் வெள்ளி, தெருமுனையில் கார் நின்றது. மேனேஜரம்மா கோயிலுக்கு வந்தவள், அப்படியே எட்டிப் பார்க்க வந்தேன் என்று உள்ளே நுழைந்தாள். கருத்தம்மாளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பாயை உதறுவதா, கலர் சோடா வாங்கிவர ஆள் அனுப்புவதா என்று தடுமாறினாள். அதற்குள் அந்தம்மா கொல்லை வாசல்வரை வந்துவிட்டாள். விரிப்பு முத்துப்பேச்சியின் மடியில் கிடந்தது. மறைக்க நேரமில்லை. அந்தம்மா குனிந்து அதை எடுத்து விரித்து, ஒவ்வொரு பூவாக விரலால் தடவிப் பார்த்தாள். தன் மகளுக்குப் புரட்டாசி கழிந்து கல்யாணம், பம்பாயில் குடியிருக்கப் போகிறாள், இதை அவளுக்குக் கொடுத்தனுப்பினால் எப்படி இருக்கும் என்றாள்.

"அதுக்கென்னம்மா, உங்களுக்கு இல்லாததா" என்று கருத்தம்மாள் வாசலில் இருந்தே சொன்னாள்.

அது என் தங்கச்சிக்கு என்று முத்துப்பேச்சியின் வாய்வரை வந்தது. அந்தம்மா அவள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் இருந்ததை அவளால் படிக்க முடிந்ததோ இல்லையோ, கையில் இருந்ததைக் கீழே வைக்கவில்லை. உள்அறையில் மாரிசாமி சட்டை மாட்டும் சத்தம் கேட்டது. வந்திருப்பவள் யார் என்று தெரிந்து, வெளியே வருவதா வேண்டாமா என்று அவன் கதவுக்குப் பின்னால் நிற்பதும் தெரிந்தது.

"இன்னும் பன்னெண்டு பூ பாக்கியிருக்கும்மா" என்றாள் முத்துப்பேச்சி.

அந்தப் பன்னிரண்டு பூவையும் அவளே தைத்தாள். தைக்காமல் காலம் கடத்தலாம் என்று இரண்டு நாள் ஊசியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மாமியார் ஒன்றும் சொல்லாமல், வீட்டு வேலை முழுவதையும் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்ய ஆரம்பித்தாள். அறுபது வயதுக்காரி தண்ணீர்க் குடம் சுமப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார முத்துப்பேச்சியால் முடியவில்லை. ஊசியை எடுத்தாள். மூலையில் மணப்பெண் பெயரின் முதல் எழுத்தையும் மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்தையும் போடச் சொல்லி அந்தம்மா சீட்டு எழுதி அனுப்பியிருந்தாள். அதையும் போட்டாள்.

ஆவணியில் சுப்புத்தாயின் கல்யாணம். கருத்தம்மாள் கடைக்குப் போய் நல்ல சோலாப்பூர் ஜமக்காளம் ஒன்று வாங்கி வந்தாள், குறை வைக்கவில்லை. ஆனால் வாசலில் ஒன்றை அழுத்திச் சொல்லித்தான் மருமகளைப் பஸ் ஏற்றினாள். விரிப்பு எங்கே போச்சு என்று யாரிடமும் மூச்சு விடக்கூடாது. துணியைக் கொடுத்து வேலை வாங்கினான் என்று நாளைக்கு யாரும் என் மகனைச் சொல்லக்கூடாது என்றாள்.

தாலி கட்டி முடிந்து, பெண்ணை உள்ளே கூட்டிப்போனபோது சுப்புத்தாய் அக்காவின் பையைத்தான் முதலில் பார்த்தாள்.

"முடியலடா, கண்ணு வலிச்சுக்கிட்டே இருந்துச்சு" என்றாள் முத்துப்பேச்சி.

சுப்புத்தாய் உடனே அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பி, கண்ணுக்கு என்ன, டாக்டரிடம் காட்டினாயா என்று கேட்டாள். கல்யாணச் சேலையோடு, புகை பட்டுச் சிவந்த கண்ணோடு, தன் கண்ணைப் பற்றி அவள் விசாரித்தது முத்துப்பேச்சிக்குத் தாங்கவில்லை. பந்தியைப் பார்க்கிறேன் என்று எழுந்து போய்விட்டாள்.

புரட்டாசியில் மாரிசாமிக்கு வேலைக்கான ஆர்டர் வந்தது. தற்காலிகம்தான், ஒரு வருஷம் கழித்து நிரந்தரம் என்றார்கள். அவன் ஆர்டரை மதினியின் காலடியில் வைத்துக் கும்பிட்டான். அவனுக்குப் பேச வராது, கண்ணில் நீர் முட்டியது. அந்த ஒரு நாள் அவளுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குத் துணிமணி கொடுத்துவர மாரிசாமியை அனுப்பினார்கள். சுப்புத்தாய் கிருஷ்ணன்கோவிலில் இருந்தாள். அவள் புருஷன் கரண்ட் ஆபீசில் வயர்மேன். வேலை கிடைத்ததைப் பற்றி அவர்கள் விசாரிக்க, முதல் முறையாக நாலு பேர் தன்னை மதித்துக் கேட்கிற தெம்பில் மாரிசாமி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். எல்லாம் மதினி புண்ணியம், அவிய தச்ச செண்பகப்பூ விரிப்பு இன்னைக்கு பம்பாயில் இருக்கு என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான். வீட்டுக்கு வந்து அதையும் சொன்னான். தான் என்ன செய்துவிட்டு வந்தான் என்று அவனுக்குத் தெரியவில்லை.

முத்துப்பேச்சி கார்த்திகையில்தான் தங்கையைப் பார்க்கப் போனாள். அதற்கு முன்னால் போகத் தைரியம் வரவில்லை. சுப்புத்தாய் வா என்றாள், தண்ணீர் கொடுத்தாள், முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே பேசினாள். மசக்கையில் முகம் வெளுத்திருந்தது. கட்டிலில் சோலாப்பூர் ஜமக்காளம் சுருக்கமில்லாமல் விரித்திருந்தது.

"கண்ணு சரியாயிருச்சாக்கா?" என்று கேட்டாள்.

முத்துப்பேச்சி தலையைக் குனிந்துகொண்டாள். மாரிசாமிக்கு வேலை, அத்தை யாரிடமும் சொல்லக்கூடாது என்று, அந்தம்மா வீட்டுக்கே வந்து என்று துண்டு துண்டாக ஏதோ சொன்னாள். சொல்லச் சொல்ல, தன் வாயிலிருந்து வருவது எல்லாம் சாக்குப்போலத்தான் அவள் காதுக்கே கேட்டது.

"எனக்கு அந்த விரிப்பு வேணும்னு இல்லக்கா" என்றாள் சுப்புத்தாய். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நானே குடுன்னு சொல்லிருப்பேன். நீ எங்கிட்ட பொய் சொல்லுவேன்னு நான் நெனைக்கல."

முத்துப்பேச்சி கீரைக்காம்பு ஒன்றை எடுத்து ஒடித்தாள். பிறகு, பிள்ளைக்குச் சின்னதாக ஒரு போர்வை தைக்கலாம் என்று இருக்கிறேன் என்றாள்.

"வேண்டாங்கா. அதையும் யாராச்சும் வந்து கேப்பாக. உன்னால இல்லன்னு சொல்ல முடியாது."

கோபமாகச் சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். அவள் நிதானமாக, அக்காவைத் தெரிந்தவள் சொல்வதுபோலத்தான் சொன்னாள். போகும்போது பஸ் வரைக்கும் கூடவே வந்தாள். பஸ் வரும்வரை இருவரும் அப்பாவின் மூட்டுவலியைப் பற்றிப் பேசினார்கள்.

மார்கழியில் சௌந்தரபாண்டியன் லீவில் வந்தான். இரண்டு நாள் பொறுத்து முத்துப்பேச்சி எல்லாவற்றையும் சொன்னாள். மேனேஜர் வீட்டில் இப்போது மகளின் தலைதீபாவளிக்கே அனுப்பியிருக்க வேண்டியது என்று நான்கு தலையணை உறை கேட்டிருப்பதையும் சொன்னாள். அவன் மீசையைத் தடவிக்கொண்டே கேட்டான். அவனுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. தம்பிக்கு நிரந்தரம் ஆகிவிட்டால் நானே அந்த வீட்டுப் பக்கம் போகாதே என்று சொல்வேன், அதுவரைக்கும் பொறுத்துக்கொள் என்றான். சுப்புத்தாயிடம் நான் வந்து சொல்கிறேன் என்றும் சொன்னான். லீவு முடிகிற அவசரத்தில் கிருஷ்ணன்கோவிலுக்குப் போக வாய்க்கவில்லை. ரயில் ஏறும்போது அதை நினைத்து மன்னிப்பும் கேட்டான்.

தை பிறந்து பத்து நாளில் மேனேஜருக்குக் கோயமுத்தூருக்கே மாற்றல் வந்தது. முத்துப்பேச்சியை அந்தம்மா கூப்பிட்டு அனுப்பி, கையைப் பிடித்துக்கொண்டு, உன்னை மறக்கமாட்டேன் முத்து என்றாள். கண் கலங்கியது நிஜம்தான். வாசலில் லாரி நின்றது. மயில் விரிப்பு, நாற்காலி உறைகள், ஜன்னல் ஓரங்கள் எல்லாம் ஒரு அட்டைப்பெட்டியில் மடித்திருந்தன. மாரிசாமியைப் பற்றிப் புதிதாக வருபவரிடம் சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்க முத்துப்பேச்சி வாயெடுத்தாள். அதற்குள் யாரோ பீரோவை இடித்துவிட்டார்கள் என்று அந்தம்மா உள்ளே ஓடினாள்.

புது மேனேஜர் வந்து, தற்காலிக ஆட்களின் பட்டியலைக் கேட்டிருக்கிறார் என்று மாரிசாமி வந்து சொன்னான். அவன் மறுபடியும் முன்போலச் சத்தமில்லாமல் நடக்க ஆரம்பித்திருந்தான். ஷிப்ட் முடிந்து வந்ததும் சாப்பிடாமல் உள்அறைக்குப் போய்விடுவான்.

ஒரு வாரம் கழித்து, முத்துப்பேச்சி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது கருத்தம்மாள் வந்து எதிரே உட்கார்ந்தாள். வெளியே கிளம்புகிற சேலை கட்டியிருந்தாள். முறத்தில் இருந்து தானும் இரண்டு கல்லை எடுத்துப்போட்டாள்.

"புது மேனேஜர் வீட்டுக்குப் போறேன் தாயி" என்றாள் கடைசியில். "அந்தம்மாவுக்குப் பூ புடிக்குமா, சாமி படம் புடிக்குமான்னு பார்த்துட்டு வாரேன்." முத்துப்பேச்சி முறத்தை விட்டுத் தலை நிமிராததைப் பார்த்து, "உங்கிட்டக் கேக்க எனக்கே கூசுதுட்டி. வேற யாருகிட்டப் போவேன், சொல்லு" என்றாள்.

அந்தக் கிழவியின் கண்ணில் நீர் நின்றது. முத்துப்பேச்சி அவளை வெறுக்கப் பார்த்தாள். முடியவில்லை. தங்கை பஸ் நிறுத்தத்தில் நின்றது ஞாபகம் வந்தது. இல்லை என்று ஒரு சொல், அவ்வளவுதானே என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். உள்அறையில் மாரிசாமி இருமுவது கேட்டது.

"மேசை எம்புட்டு நீளம்னும் பாத்துட்டு வாங்க அத்தை" என்றாள். சொல்லிவிட்டு, முறத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு மறுபடியும் கல் பொறுக்கத் தொடங்கினாள்.