வலை போடுகிறவர்

பள்ளி வேன் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள். விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போனபின், தினமும் காலையில் நாத்தனார் அவளைக் கடலோரச் சதுப்புநிலப் பூங்காவில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவாள். அங்கே படிக்கட்டே கிடையாது. நாணலுக்கு நடுவே பலகைப் பாதை ஓடும். முடிவில் பறவை பார்க்க ஒரு குடில். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர் கண்ணுக்கு நேராக அதில் ஒரு சன்னல். பைனாகுலரும் கையுமாக அவள் குடித்தனம் அங்கேதான்.

சேற்றில் ஓடித்திரியும் உள்ளான் பறவைகள் குறைந்துகொண்டே வந்தன.

"யாரோ வலை போடுறாங்கம்மா," என்று காதோடு சொன்னார் பூங்காக் காவலாளி. "தினமும் கேமராவோட வர்றாரே, அந்தத் தொப்பிக்காரர் மேல ஒரு கண்ணு வைங்க. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அதன்பின் அவள் பறவையை எங்கே பார்த்தாள்? தொப்பிக்காரரைத்தான் பார்த்தாள். கழுத்தில் கேமரா தொங்கும். ஒரு படம்கூட எடுக்கமாட்டார். வெறும் பையோடு நாணலுக்குள் போய், வீங்கிய பையோடு வருவார். அவளைக் கண்டால் பையைத் தோள் மாற்றிக்கொள்வார்.

ஒருநாள் பாதையின் குறுக்கே நாற்காலியை நிறுத்திப் பிரேக் போட்டாள்.

"பையைத் திறங்க."

"கேக்க நீங்க யாரு?"

"திறக்கலைன்னா சேத்துல இறங்கித்தான் போகணும்."

முறைத்தார். பிறகு பையைக் கவிழ்த்தார். நைலான் வலைத் துண்டுகள் விழுந்தன. ஒன்றில் இறகு ஒட்டியிருந்தது.

"நான் வலையை அறுக்கிறவன். போடுறவங்களுக்கு நோட்டம் பார்த்துச் சொல்றது நீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"நானா! யாரு சொன்னது?"

"காவலாளி."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஆளை நம்புவதா? அவரும் அதையேதான் யோசித்திருக்க வேண்டும்.

"வனத்துறைக்குச் சொல்லிடுவோம்," என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். அப்பதான் யாரு பின்வாங்குறாங்கன்னு தெரியும்."

இருவருமே பின்வாங்கவில்லை.

மறுநாள் பூங்கா திறக்குமுன்பே வனத்துறை ஆட்களோடு குடிலுக்குள் காத்திருந்தார்கள். தாழ்வான சன்னல் வழியே அவள்தான் முதலில் பார்த்தாள். பலகைப் பாதைக்கு அடியிலிருந்து, தோளில் சாக்கோடு குனிந்து வெளியே வந்தார் காவலாளி. சாக்கு துடித்தது.

பிடிபட்டதும் அவளைப் பார்த்துத்தான் கத்தினார். "நான் எப்படிப்பட்டவன்னு நீங்களாவது சொல்லுங்கம்மா!"

அவள் நாற்காலியைச் சாக்குப் பக்கம் உருட்டினாள்.

சாக்கை அவிழ்த்ததும் உள்ளான்கள் சிதறிப் பறந்தன. ஒன்று மட்டும் பறக்க முடியாமல் கிடந்தது. வனத்துறைப் பெண் அதை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"குடுங்க, நான் பாத்துக்கறேன்," என்று தொப்பிக்காரர் கை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. அதன் நடுக்கம் குறையும்வரை இரு கைகளாலும் பொத்தி வைத்துக்கொண்டாள்.