சோலையம்மாள் செய்ததற்கு இங்கிலீஷில் என்ன பேர்?

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. ஒட்டுக் கேட்டேன் என்றும் சொல்லலாம்; எங்கள் எம். புதுப்பட்டியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் ஒரே சுவர், காதை நான் எங்கே கொண்டுபோய் வைக்க? பக்கத்து வீட்டு இசைவாணி இங்கிலீஷ் பி.ஏ., பட்டாசுக் கம்பெனி ஒன்றின் ஆபீசில் கடிதம் டைப் செய்கிறவள். போனில் தோழியிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: "ரயட்டுக்கும் மியூட்டினிக்கும் என்னடி வித்தியாசம்?"

இந்த சீசனுக்கு வந்த புது வெடிகள் என்றே நினைத்தேன். எங்கள் ஊரில் புரியாத இங்கிலீஷ் எல்லாம் பட்டாசுப் பெட்டியின் மேல்தான் இருக்கும். மறுநாள் சட்னி கொடுக்கிற சாக்கில் போய் முழுவதையும் கறந்துவிட்டேன்.

2

அதைக் கதையாக எழுத உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: கம்பெனி வாசலில் அனல் பறக்க—

வேண்டாம். பட்டாசு ஊரில் பேச்சுக்குக்கூட அனலைப் பறக்க விடக் கூடாது.

இரண்டாவது: சிங்கமெனச் சீறி எழுந்தாள் சோலையம்—

தெருவே சிரிக்கும். ரேஷன் கடை வரிசையில் யாராவது முந்தினால் ஒதுங்கி வழி விடுகிற ஆள் அவள். (பல வருடமாக அவளை 'வாயில்லாப் பூச்சி' என்று சொல்லிவந்தவள் நான். அவள் இதைப் படிக்கமாட்டாள் என்ற தைரியத்தில் ஒப்புக்கொள்கிறேன்.)

நடந்தது இவ்வளவுதான். இசைவாணியின் கம்பெனியில் அவள் பட்டாசுக்குத் திரி வைக்கிற ரூமின் சுவரில் 'ஆட்கள் 4' என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது; வெடி விபத்துக்குப் பயந்து அரசாங்கம் வைத்த வரம்பு அது. தீபாவளி ஆர்டர் நெருக்கியதில் போர்மேன் ராஜபாண்டியன் ஐந்தாவதாக ஒருத்தியைக் கொண்டுவந்து உட்காரவைத்தார். சோலையம்மாள் கையில் இருந்ததைப் பதனமாகக் கீழே வைத்தாள். எழுந்தாள். கையைக் கழுவிவிட்டுப் போய் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துகொண்டாள். மற்ற மூவரும் வந்தார்கள். ஐந்தாவதாக வந்தவளும் வந்தாள். சாயங்காலத்துக்குள் எட்டு ரூமும் காலி.

"நாலு பேருன்னா உள்ள வாரோம், அண்ணாச்சி." சோலையம்மாள் போர்மேனிடம் சொன்ன இதைத் தவிர அங்கே யாரும் எதுவும் பேசவில்லை.

3

மறுநாள் மேனேஜர் லட்சுமிகாந்தம் மற்றவர்களை உள்ளே விட்டார். சோலையம்மாளை மட்டும் கேட்டில் நிறுத்திவிட்டார். போலீசுக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுது, 'ரயட்' என்று போடு என்று இசைவாணியிடம் சொன்னார். அது போனால் சோலையம்மாள் மேல் வழக்கு வரும். அப்புறம் இந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியும் அவளை உள்ளே சேர்க்காது.

இனி இசைவாணி சொன்னபடி:

"ரயட்டுன்னா கூட்டமா அடிதடி, சேதம் இருக்கணும் சார். ஒரு கண்ணாடிகூட உடையலையே."

"அப்ப மியூட்டினின்னு போடு."

"அது பட்டாளத்துல, கப்பல்ல, அதிகாரிக்கு எதிரா செய்றது. இவுக திரி வைக்கிறவுக."

"ரெபெல்லியன்?"

"அரசாங்கத்தையே எதுத்து ஆயுதம் எடுக்கிறது சார். சோலையம்மாக்கா தூக்குவாளியத்தான் எடுத்துட்டுப் போனாக."

"ரெவல்யூஷன்னு போடுவியோ?"

"அது செயிச்சாத்தான் சார்."

(இந்தக் கடைசி வரியை உண்மையில் சொன்னாளா, என்னிடம் சொல்லும்போது சேர்த்துக்கொண்டாளா? சந்தேகம்தான். வெட்டமாட்டேன்.)

தமிழில் எழுதச் சொல்லியிருந்தால் 'கலாட்டா' என்று போட்டு முடித்திருப்பார்கள். இத்தனை வகைக்கும் எங்கள் தெருவில் அந்த ஒரு சொல்தான்.

கடைசியில் அவர் அலுத்துப்போய், நடந்ததற்கு எது சரியோ அதைப் போடு என்றார். அவள் 'ரெஃப்யூஸ்டு' என்று அடித்தாள். மறுத்தாள் என்று அர்த்தம். வினை அங்கேதான் இருக்கிறது. கலவரம் செய்தாள் என்றால் வாக்கியம் அதோடு முடிந்துவிடும். மறுத்தாள் என்றால், எதை என்று வாக்கியமே கேட்கும். எதை என்பதையும் அவள் அடித்தாள்: நாலு பேர் ரூமில் ஐந்தாவது ஆளை வைத்து வேலை செய்ய. தாளை அவர் மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

இருபத்து மூன்று வயசு. அந்த வயசில் எனக்குக் குழம்பில் உப்பு குறைவு என்று சொல்லவே பயம்.

4

சோலையம்மாளையும் நான் விடவில்லை. அப்படி என்னதான் செய்தாய் என்று கேட்டேன்.

"நான் என்ன மதினி செஞ்சேன்? எந்திரிச்சேன். அம்புட்டுதான்."

இதை இசைவாணியிடம் சொன்னேன். அதற்கும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டாம்: அப்ரைசிங். எழுந்திருப்பது என்பதிலிருந்து வந்ததாம். ஆனால் ஊரே சேர்ந்து எழுந்தால்தான் அப்படிச் சொல்வார்களாம். எட்டு ரூம் போதாதா என்றேன்.

"போதும் அத்தை. மேனேஜர்ட்ட சொல்லிராதீக."

5

முடிவு அ: அவர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார். கம்பெனி தன் குற்றத்தைத் தானே போலீசுக்கு எழுதிக் கொடுக்கிறது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. ஆனால் லட்சுமிகாந்தம் கல்யாணப் பத்திரிகையைக்கூட இரண்டு தடவை படிக்கிற மனிதர்.

முடிவு ஆ: படிக்கிறார், கிழிக்கிறார், இசைவாணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேறு ஆளை வைத்து 'ரயட்' என்று—

கை வரவில்லை.

முடிவு இ: படித்து மனம் கசிந்து, சோலையம்மாளைக் கூப்பிட்டு—

இதை இசைவாணியிடம் காட்டினேன். "அவர எதுக்கு நல்லவரா ஆக்குறீக? செவுத்துல எழுதியிருக்கிறதச் செஞ்சாப் போதும்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டாள்.

நிஜத்தில் மூன்று நாளாகக் கடிதம் மேனேஜர் மேசையில் கிடக்கிறது. சோலையம்மாள் தினமும் காலையில் போய் கேட்டில் நிற்கிறாள்; உள்ளே கூப்பிடவும் இல்லை, போ என்று சொல்லவும் இல்லை. மேனேஜர் அறைக்குள் எனக்கு வழியில்லை. ஆகவே நீங்கள் போய் அவர் நாற்காலியில் உட்காருங்கள். ஜன்னலைத் திறந்தால் அவள் நிற்பது தெரியும். கையெழுத்துப் போடுங்கள், அல்லது கிழியுங்கள். எதுவானாலும் அதற்கு முன், அவள் எதை மறுத்தாள் என்ற அந்த அரை வரியை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். தமிழில், அவள் காதில் விழுகிற மாதிரி.