இரண்டாவதாகப் போகிறவனின் டயர்

எனக்கு என் மனைவி மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எதிர்வீட்டுக்காரன் வாங்கிய புது டிராக்டரைப் பார்த்து வயிறெரிந்தால் நாலு பேர் புரிந்துகொள்வார்கள். கட்டின மனைவி கார் ஓட்டும் அழகைப் பார்த்து வயிறெரிகிறது என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

சலீனா என்ற ஊருக்கு வெளியே ராணுவம் கைவிட்ட விமான ஓடுதளம் ஒன்று இருக்கிறது. மாதத்தில் ஒரு ஞாயிறு எங்கள் கிளப் அங்கேதான் கூடும். கான்கிரீட் மேல் ஆரஞ்சு நிறக் கோன்களை வைத்து வளைசலும் நெளிசலுமாகப் பாதை போடுவோம். ஒரு நேரத்தில் ஒரு கார்தான் போகும், போட்டியெல்லாம் கடிகாரத்தோடுதான். ஒரு கோனைத் தட்டினால் இரண்டு நொடி தண்டம். ஆளுக்கு மூன்று ஓட்டம், அதில் எது குறைவோ அது கணக்கு. பதினாலு வருடமாக நான் இங்கே ஓட்டுகிறேன். என் கார் 1991ஆம் வருடத்து மியாட்டா, சிவப்பு, இரண்டே சீட்டு. அதன் ஒவ்வொரு திருகும் என் கைபட்டது.

என் மனைவி கொரீன் மூன்று வருடம் முன்னால் சும்மா வேடிக்கை பார்க்க வந்தாள். அவளுக்கு வேலை பள்ளிக்கூட பஸ் ஓட்டுவது. "நானும் ஒரு தடவை போய்ப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள். போகச் சொன்னேன். அந்த நாக்கை அன்றைக்கே கடித்திருக்கலாம்.

இந்த வருடம் ஆறு போட்டி. இருவரும் ஒரே போட்டி வகுப்பு, ஒரே கார், ஒரே டயர், அவள் ஒரு ஓட்டம், நான் ஒரு ஓட்டம் என்று மாற்றி மாற்றி. முதல் ஐந்திலும் அவள்தான் முன்னால். ஜெயித்தவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போவது என்று எங்களுக்குள் ஒரு வழக்கம். அதை ஏற்படுத்திய புத்திசாலியும் நான்தான். ஐந்து ஞாயிறு சாயங்காலமும் ஒன்றரை மணி நேரம், ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தேன். பெட்ரோல் பங்கில் நின்றால், "இன்னிக்கும் தங்கச்சிதானா?" என்று மெர்ல் பின்னாலிருந்து ஹாரன் அடிப்பான். மெர்ல் என் பழைய சிநேகிதன். வாயை மூடத் தெரியாதவன்.

தோற்றதற்குக் காரணம் சொல்வதில் நான் சளைத்ததில்லை. மே மாதத்திலும் ஜூனிலும் அவள் முதலில் போனாள், நான் இரண்டாவது. "நீ போய்ட்டு வரும்போதே டயர் சூடாகி வழவழன்னு ஆயிடுது. வெந்த டயர்தான் எனக்கு வருது" என்றேன். ஜூலையில் அவளே, "சரி, நீ முதல்ல போ" என்று விட்டுக்கொடுத்தாள். அன்றைக்கும் தோற்றேன். "இன்னும் டயர் முழிச்சுக்கலை" என்றேன். மெர்ல் சிரித்த சிரிப்பு ஓடுதளத்தின் அந்தக் கோடி வரை கேட்டிருக்கும். மறுபடி பழைய வரிசைக்கே வந்தோம்.

செப்டம்பர் முடிவில் டயர் நான்கும் உள்பக்கம் மொட்டையாகிவிட்டன. கடைசிப் போட்டிக்குப் புது டயர் போட்டாக வேண்டும். பந்தய டயர் கூடாது, ரோட்டில் ஓடுகிற டயர்தான் என்பது எங்கள் வகுப்பின் விதி. பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் தேய்மான எண் இருநூறுக்குக் குறையக் கூடாது. என் காரின் சின்னச் சக்கரத்துக்கு அப்படிக் கிடைப்பதே இரண்டோ மூன்றோ. அதில் நல்லது இரண்டுதான். ஒன்று ஜப்பான்காரன் டயர், நாங்கள் ஏற்கெனவே போட்டிருந்தது. பெட்டியை விட்டு இறக்கியதுமே தரையைக் கவ்வும், சூடேறினால் நழுவும். மற்றது கொரியாக்காரன் டயர். அது தூங்குமூஞ்சி. குளிரில் முதல் ஓட்டம் முழுக்கத் தூங்கும், இரண்டாவதில் கண்ணைத் திறக்கும், போகப் போகப் பிடி ஏறிக்கொண்டே போகும்.

அக்டோபர் குளிருக்கு எது என்று எந்தக் குழந்தையைக் கேட்டாலும் ஜப்பான்காரனைக் காட்டும். நான் சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்து மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள்தான் அது தலைக்குள் வந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து ஆறு ஓட்டம். அவளுக்கு ஒன்று, மூன்று, ஐந்து. எனக்கு இரண்டு, நாலு, ஆறு. தூங்குமூஞ்சி டயரைப் போட்டால் ஒவ்வொரு தடவையும் அவள்தான் அதை எழுப்ப வேண்டும். எழுந்த டயரில் நான் போவேன். ஆறாவது ஓட்டத்தில் அது முழுச் சூட்டில் இருக்கும், ஸ்டியரிங்கில் நான் இருப்பேன்.

நான் வீடுகளுக்கு ஹீட்டர் பழுது பார்க்கிறவன். சூடு எப்போது வரும், எங்கே நிற்கும் என்பது என் தொழில். அதை மனைவிக்கு எதிராகவே பிரயோகிப்பேன் என்று நினைத்ததில்லை. நினைத்ததும் கூச்சமாக இருந்தது. கூச்சம் ஒரு காபி குடித்து முடிக்கும் வரைதான் இருந்தது.

"கொரியாக்காரன்தான்" என்றேன்.

கொரீன் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "குளிருக்கு அது சரிப்படுமா?"

"ரெண்டு பேர் ஓட்டுறோம்ல? ஆறு ஓட்டம் தாங்கணும். இன்னொண்ணு பாதியிலேயே பல்லை இளிச்சிடும்."

"நீ சொன்னா சரி. டயர் விஷயம் எனக்கென்ன தெரியும்? நீ போட்டுக் குடுக்குறதை நான் ஓட்டுறேன், அவ்வளவுதான்."

அப்படித்தான் எல்லாரிடமும் சொல்வாள். யாராவது பாராட்டினால், "டயர் அவர் பாத்துப் பாத்துப் போட்டது" என்பாள். பணிவு காட்டுகிறாள் என்று நினைத்து எரிச்சல் படுவேன். அவள் அதை மனசாரச் சொல்கிறாள் என்று தெரிந்தால் இன்னும் எரியும்.

போட்டி நாள் காலையில் மூச்சு விட்டால் புகை வந்தது. ஓடுதளத்தில் காற்று நிற்காமல் அடித்தது. அக்டோபரில் எங்கள் கிளப்பில் எல்லாரும் பழைய போர்வைகளைக் கொண்டுவருவார்கள், ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் நடுவில் டயரைப் போர்த்திச் சூட்டைக் காப்பாற்ற. கொரீன், அவள் அக்கா ஒட்டுத்துணியில் தைத்துக் கொடுத்த மெத்தைப் போர்வையையே எடுத்து வந்துவிட்டாள்.

"இதையா? உங்க அக்கா பாத்தா தொலைச்சிடுவா."

"நல்லா கனமா இருக்கு, வெண்டல். சூடு நிக்கும்."

மெர்ல் வந்து குனிந்து டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"அக்டோபர்ல இதையா போட்ட? இதுக்கு ஜூலை வெயில் வேணுமேடா."

"ரெண்டு பேர் ஓட்டுறோம். சூடாயிடும்."

"ஆகும், ஆகும். ரெண்டாவது ஆளுக்கு ஆகும்." கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, யாரு ரெண்டாவது?" என்றான்.

காற்றழுத்தம் பார்ப்பது போல நான் குனிந்துகொண்டேன்.

முதல் ஓட்டம் அவளுடையது. மூன்றாவது வளைவிலேயே பின்பக்கம் சறுக்கிக் கார் பக்கவாட்டில் போனது. சமாளித்துத் திருப்பினாள். ஐம்பத்தொன்று புள்ளி ஒன்பது. இந்த வருடம் முழுக்க அவள் அப்படியொரு நேரம் ஓட்டியதில்லை. எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது.

"பின்னாடி சோப்புத்தண்ணி கொட்டின மாதிரி வழுக்குது" என்றாள் ஹெல்மெட்டைக் கழற்றியபடி.

"நிதானமா வளைச்சுப் பாரு. கையிலதான் இருக்கு" என்றேன். எவ்வளவு கேவலமான பதில்! அவள் தலையை ஆட்டிக்கொண்டு போர்வையை எடுத்துப் பின்சக்கரங்களில் போர்த்தினாள். அது பறக்காமலிருக்கக் காற்றுக்கு முதுகைக் கொடுத்து, மண்டியிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். என் முறை வந்ததும் உருவிக்கொண்டு ஓரமாக ஓடினாள்.

எனக்கு ஐம்பது புள்ளி ஆறு.

திரும்பி வந்து இறங்கினேன். இப்போது அவள் உள்ளே ஏறி பெல்ட் போட வேண்டும், நான் போர்த்த வேண்டும். போர்வை காரின் பக்கத்திலேயே கிடந்தது. "நேரம் எவ்வளவுன்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று சொல்லி, பட்டியல் ஒட்டும் வண்டியை நோக்கி நடந்தேன். நேரம் ஒலிபெருக்கியிலேயே கேட்டிருந்தது. அங்கே போய் நின்று மற்றவர்களின் நேரங்களையெல்லாம் எழுத்துக்கூட்டிப் படித்தேன். ஏழெட்டு நிமிடம். காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

அவள் நாற்பத்தொன்பது புள்ளி எட்டு. நான் நாற்பத்தொன்பது புள்ளி மூன்று. மறுபடி அவள் போர்த்தினாள், நான் பட்டியல் பார்க்கப் போனேன்.

ஐந்தாவது ஓட்டத்தில் அவள் என்னைக் கலங்கடித்துவிட்டாள். அரைத்தூக்கத்தில் இருந்த டயரை வைத்துக்கொண்டு, பின்பக்கம் நழுவ நழுவ அதையே வளைவுக்கு உதவியாக்கிக்கொண்டு, ஒரு கோன்கூட அசையாமல் வந்தாள். நாற்பத்தெட்டு புள்ளி ஏழு பூஜ்யம் இரண்டு. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், கை மட்டும். இத்தனை செய்தும் இவளை இறக்க முடியவில்லையே என்று வயிறு பற்றி எரிந்தது. நான் மறுபடி பிறந்தால்கூட அந்த மூன்றாவது வளைவை அப்படி வளைக்க மாட்டேன், அது எனக்கு நன்றாகத் தெரியும்.

காரை நிறுத்தியதும் குதித்து இறங்கினாள். "ஏறு, ஏறு! இப்பதான் டயர் நல்லா முழிச்சிருக்கு. மூணாவது வளைவுல பயப்படாம மிதி, பிடிச்சுக்கும்!" போர்வையோடு மறுபடி மண்டியிட்டாள்.

அவள் சொன்னபடியே மிதித்தேன். பிடித்துக்கொண்டது. நாற்பத்தெட்டு புள்ளி ஆறு ஐந்து ஐந்து.

ஒலிபெருக்கி கத்தியது. "கொரீன்! உங்க வீட்டுக்காரர் உங்களை முந்திட்டார்!" ஜெயித்தும் நான் வீட்டுக்காரர்தான், பேர் வரவில்லை. போகட்டும். ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை, ஆனாலும் நான் முன்னால். கொரீன் ஓடிவந்து ஹெல்மெட்டோடு சேர்த்து என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தச் சந்தோஷத்தில் ஒரு பொட்டுக் கலப்படம் இல்லை. நானாக இருந்தால் நாலு நாள் முகம் கொடுத்திருக்க மாட்டேன்.

மதியம் எங்கள் பக்கத்து வழக்கப்படி மிளகாய்க்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் போட்டார்கள். அவள் தட்டோடு ஒவ்வொருவரிடமும் போய், "டயர் அவரே மூணு நாள் உக்காந்து தேர்ந்தெடுத்தது. நான்கூட குளிருக்குச் சரிப்படுமான்னு கேட்டேன், பாருங்க!" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மெர்ல் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தபடி என்னையே பார்த்தான்.

கோன்களையெல்லாம் அடுக்கி முடித்ததும், மூட்டை கட்ட ஆரம்பிக்குமுன் கிளப் வழக்கப்படி வேடிக்கைக்காக ஆளுக்கு இரண்டு சுற்று சுற்றினோம். எங்கள் காரில் கடைசிச் சுற்று கொரீனுடையது. வந்து நிறுத்திவிட்டுப் போர்வையை உதறி மடிக்க ஆரம்பித்தாள். அதன் நடுவில் டயரின் கரி பட்டையாக ஒட்டியிருந்தது. அவள் முழங்காலிலும் உள்ளங்கையிலும் அதே கரி.

"அடுத்த வருஷமும் இதே டயர்லயே ஆரம்பிக்கலாம், நல்லாத்தான் இருக்கு" என்றாள். "ஆனா நான் ரெண்டாவது போறேன், சரியா? விடியக்காலம் குளிர்ல முதல் ஆளாப் போயிப் போயி அலுத்துப்போச்சு."

நான் கருவிப் பெட்டியைப் பூட்டிக்கொண்டிருந்தேன். யோசிக்கவேயில்லை.

"நீ ரெண்டாவதா? அப்ப டயரை மாத்தணுமே."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"எதுக்கு மாத்தணும்?"

பதினாலு வருடமாக டயரைப் பற்றி எது கேட்டாலும் என்னிடம் பதில் இருந்தது. வெயில், குளிர், காற்றழுத்தம், தேய்மானம், எதையாவது எடுத்துவிடுவேன். இப்போது பூட்டின கருவிப் பெட்டியைத் திறந்து மறுபடி பூட்டினேன். அவள் டயரைப் பார்த்தாள். காலையில் நான் நின்றிருந்த அந்தப் பட்டியல் வண்டியைப் பார்த்தாள். கையிலிருந்த போர்வையைப் பார்த்தாள். பஸ்ஸின் கடைசி சீட்டில் நடக்கிற சேட்டையையெல்லாம் சின்னக் கண்ணாடியிலேயே கண்டுபிடிக்கிறவள். அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

"ஓ" என்றாள்.

"கொரீன்..."

அவள் காரைச் சுற்றிக்கொண்டு போய், நான் ஐந்து ஞாயிறும் உட்கார்ந்து வந்த சீட்டில் உட்கார்ந்தாள். கரி பட்ட போர்வையைக் கழுத்து வரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு கையை மட்டும் வெளியே நீட்டிச் சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"இந்தா, நீயே ஓட்டு. டயரெல்லாம் உனக்கு சூடு பண்ணித்தான் வெச்சிருக்கேன்."